டிவி கன்சோலுக்கு எந்த மரம்? பொங்கோல் நண்பருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சிங்கப்பூர்ப் பொங்கோலில் நாலறை வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது. வரவேற்பறையில் எட்டடி நீளத்துக்கு ஒரு டிவி கன்சோல், அதாவது டிவியைத் தாங்கும் தாழ்வான அலமாரி, வேண்டும். 65 அங்குல டிவி, ஆம்ப்ளிஃபையர், மகனின் கேம் பெட்டி, அப்பா விட்டுப்போன 200 இசைத்தட்டுகள் எல்லாம் அதில் அடங்க வேண்டும். ஒரு கான்ட்ராக்டர் பிளைவுட் என்கிறார். இன்னொருவர் விலையைக் குறைத்து எம்டிஎஃப் போதும் என்கிறார். அம்மா காரைக்குடியில் தேக்கில் செய்து கப்பலில் அனுப்பிவிடலாம் என்கிறார். எந்த மரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பத்து வருஷமாவது தாங்குமா, விஷயம் தெரியாமல் ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பதில் சொல்ல நினைப்பது அந்த வரிக்குத்தான்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் அப்பாவிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றவன். சிங்கப்பூர் வந்து 27 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி சுங்கை காடுட் பட்டறைகளில் போனது. டிவி கன்சோல் மட்டும் நூற்றுக்கணக்கில் செய்திருப்பேன். திரும்பி வந்து பழுது பார்த்தவையும் நிறைய. பழுதுக்கு வந்தவற்றில்தான் நான் அதிகம் கற்றேன். அவற்றில் மரத்தின் பெயரால் கெட்டவை மிகக் குறைவு. பலகையின் வெட்டுவிளிம்பை மூடாமல் விட்டது, தாங்கு இல்லாமல் நீளமாக இழுத்தது, சூடு வெளியேற வழி வைக்காதது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது. அதனால் உங்கள் இரண்டு கான்ட்ராக்டர்களிடமும் மரத்தின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள்.

சரி, முதலில் இந்தப் பலகைகள் என்னவென்று பார்த்துவிடலாம். பிளைவுட் என்பது மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒரு ஏட்டின் நார் நீளவாக்கிலும் அடுத்ததன் நார் குறுக்குவாக்கிலும் வரும்படி ஒட்டி அழுத்தியது. நார் இரண்டு பக்கமும் ஓடுவதால் அது விரிவதும் சுருங்குவதும் குறைவு, திருகையும் நன்றாகப் பிடிக்கும். எம்டிஎஃப் மரத்தை நாராகப் பிரித்துப் பசையோடு அழுத்தியது. அதற்கு நாரோட்டமே கிடையாது. எங்கே அறுத்தாலும் மாவு போல ஒரே சீராக இருக்கும், பெயின்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி வரும். சிப்போர்டு மரச்சீவலைப் பசையோடு அழுத்தியது. பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் ரெடிமேட் சாமான்களில் பெரும்பாலும் அதுதான். இவற்றின் மேல் லேமினேட் என்கிற மெல்லிய அலங்காரத் தகடோ, அரை மில்லிமீட்டர் தடிப்பில் சீவிய நிஜ மர வெனீரோ ஒட்டுவார்கள். கடையில் 'ஓக் கன்சோல்', 'வால்நட் கன்சோல்' என்று எழுதியிருந்தால் அது முழு மரமா, வெனீரா, ஓக் படம் அச்சடித்த லேமினேட்டா என்று தெளிவாகக் கேளுங்கள். மூன்றுக்கும் விலை வேறு, ஆயுளும் வேறு.

இப்போது தண்ணீர். சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். ஆனால் காற்றின் ஈரத்தால் மட்டும் ஒரு கன்சோல் கெட்டு நான் பார்த்தது குறைவு. மாப் போடும்போது அடியில் தெறிக்கிற தண்ணீர், ஏர்கானிலிருந்து சொட்டுவது, மேலே வைத்த பூச்சாடியின் ஈரம், இவைதான் வேலையைக் காட்டும். பட்டறையில் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டுகள், பிளைவுட் ஒன்று, எம்டிஎஃப் ஒன்று, சிப்போர்டு ஒன்று. மூன்றின் ஓரத்திலும் பென்சிலால் தடிப்பை எழுதிவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைப்பேன். காலையில் எடுத்தால் சிப்போர்டின் ஓரம் ஊறவைத்த ரஸ்க் மாதிரி பொதுபொதுவென்று இருக்கும், நகத்தால் கீறினாலே உதிரும். சாதாரண எம்டிஎஃப் ஓரத்தில் உப்பி, நடுவில் அப்படியே இருக்கும். காய்ந்தாலும் அந்த உப்பல் இறங்காது. நல்ல பசை போட்ட பிளைவுட் கனத்திருக்கும், ஆனால் அளவு பெரும்பாலும் மாறியிருக்காது. மட்டமான பிளைவுட் என்றால் ஏடுகள் பிரிந்து வாயைத் திறந்திருக்கும். உங்கள் கான்ட்ராக்டரிடம் அவர் போடப்போகிற பலகையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். நல்ல வேலைக்காரர் துண்டு கொடுக்கத் தயங்கமாட்டார்.

துண்டு கையில் இருக்கும்போதே அதன் வெட்டுமுகத்தையும் பாருங்கள். பிளைவுட்டின் தரம் மேல்பக்கத்தில் தெரியாது, ஓரத்தில்தான் தெரியும். ஏடுகள் ஒரே தடிப்பில் நெருக்கமாக வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் பொந்து, ஏடு மேல் ஏடு ஏறிய இடம், கறுத்த திட்டு இருந்தால் வேண்டாம். அந்தப் பொந்து இருக்கிற இடத்தில் கீலின் திருகு விழுந்தால் ஒரே வருஷத்தில் கதவு தொங்கிவிடும். பர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் பிளைவுட் 18 மில்லிமீட்டரில் 13 ஏடு இருக்கும். நம்மூர்ச் சந்தையில் சாதாரணமாக வருகிற வெப்பமண்டல மரப் பிளைவுட்டில் ஏடுகள் குறைவு, அது தவறில்லை, சீராக இருந்தால் போதும். எம்டிஎஃப் காரர் "ஈரம் தாங்கும் பச்சை போர்டு" என்று சொன்னால், அந்தப் பச்சை அடையாளத்துக்காகக் கலக்கிற சாயம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈரத்தைத் தாங்குவது பசை. ஆகவே நிறத்தை நம்பாமல் வாளியை நம்புங்கள்.

அடுத்தது தொய்வு. உங்களுக்கு இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எட்டடி நீளமும் 200 இசைத்தட்டும் சேர்ந்திருக்கின்றன. ஓர் இசைத்தட்டு உறையோடு சுமார் கால் கிலோ. 200 என்றால் 50 கிலோ. ஒரு அரிசி மூட்டையை அலமாரிக்குள் நிறுத்தி வைத்தது மாதிரி, அதுவும் வருஷக்கணக்கில் இறங்காமல். 18 மில்லிமீட்டர் தடிப்பு, 40 சென்டிமீட்டர் அகலமுள்ள எம்டிஎஃப் பலகையை நாலடி இடைவெளியில் இரு முனையிலும் தாங்கி வைத்து, அதன் மேல் 25 கிலோவைப் பரவலாக ஏற்றினால், கணக்குப்படி நடுவில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தொய்யும். அதே அளவு பிளைவுட், மேல்நார் நீளவாக்கில் ஓடினால், சுமார் 4 மில்லிமீட்டர். இது ஏற்றிய அன்றைக்கு. பாரம் இறங்காமல் இருந்தால் மாதங்கள் போகப்போகத் தொய்வு கூடும், எம்டிஎஃப்பிலும் சிப்போர்டிலும் இன்னும் அதிகமாக. இப்போது அதே எடையை வைத்துக்கொண்டு இடைவெளியைப் பாதியாக்குங்கள், அதாவது இரண்டடி. தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். பலகையை 18இலிருந்து 25 மில்லிமீட்டராகத் தடிக்க வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கும். நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்பு போடுவது தடித்த பலகை வாங்குவதைவிட மலிவு, பலன் அதைவிடப் பெரிது. எம்டிஎஃப்பா பிளைவுட்டா என்று இரண்டு பேரும் வாதாடுகிறார்களே, இரண்டடிக்கு ஒரு தடுப்பு வைத்தால் அந்த வாதத்தில் பாதி அடங்கிவிடும்.

பிளைவுட் காரரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நார் எந்தப் பக்கம் ஓடுகிறது? பலகை வீணாகக்கூடாது என்று சிலர் அலமாரித் தட்டுகளைக் குறுக்குவாக்கில் அறுத்துவிடுவார்கள். லேமினேட் ஒட்டியபிறகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தட்டின் பலம் நன்றாகக் குறைந்துவிடும். அப்புறம் டிவி. அதைச் சுவரில் மாட்டாமல் கன்சோல் மேல் நிறுத்துவதாக இருந்தால், இப்போதைய டிவிகள் பலவற்றுக்கு ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கால்கள்தான். அந்தக் கால்கள் விழுகிற இடத்துக்கு நேர் கீழே தடுப்பு வரும்படி வரையச் சொல்லுங்கள். டிவியை முதலில் வாங்கி, கால்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டுக் கன்சோலை வரையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இசைத்தட்டுக்கு உள்அளவு உயரத்திலும் ஆழத்திலும் 34 சென்டிமீட்டராவது வேண்டும், ஓர் அடிக்கு ஒரு தடுப்பு வேண்டும். இசைத்தட்டுகளைச் சாய்த்து வைத்தால் வளைந்துபோகும், நேராக நிற்க வேண்டும். அப்பாவின் தட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றை மட்டும் மூடிய அறைக்குள் வைக்காமல் திறந்த பக்கத்தில் வையுங்கள். நம் ஈரக்காற்றில் மூடிவைத்த அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கச் சில மாதங்கள் போதும்.

இப்போது அம்மா சொன்ன தேக்கு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரைக்குடி வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் நூறு வருஷம் தாண்டியும் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வைரம் பாய்ந்த தேக்கில் கறையான் எளிதில் ஏறாது, ஈரத்துக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும். இது உறுதி. ஆனால் அந்தத் தூண்கள் நன்றாக முற்றிய காட்டு மரத்தில் வந்தவை. முற்றத்துக் காற்று படுகிற, ஏர்கான் இல்லாத வீட்டில் நிற்பவை. இன்றைக்குத் தோட்டத்தில் வளர்த்து இளசிலேயே வெட்டுகிற தேக்கில் வெள்ளைப்பகுதி நிறைய இருக்கும், அந்த வெள்ளைக்கு வைரத்தின் பலம் கிடையாது. தேக்கு என்ற பெயரை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். பலகையைத் திருப்பி, வெளிறிய பட்டை எவ்வளவு அகலம் என்று பாருங்கள்.

தேக்கே ஆனாலும் மரம் அசையும் என்பதை நான் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன். 2009இல் தோ பாயோவில் ஒரு குடும்பத்துக்கு 18 அங்குல அகலத்தில் தேக்கு மேல்பலகை வைத்து ஒரு கன்சோல் செய்தேன். பலகைகளை ஒட்டி, கீழே சட்டத்தோடு பசையும் திருகுமாகக் கெட்டியாகப் பிணைத்துவிட்டேன். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது, துளி ஆட்டம் இல்லை. அவர்கள் வீட்டில் மாலையானால் ஏர்கான், காலையில் ஜன்னல் திறப்பார்கள். பிப்ரவரியில் அந்த அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், மேல்பலகையின் நடுவில் ஒன்றரை அடி நீளத்துக்கு விரிசல், ஒரு 20 காசு நாணயம் உள்ளே போகிற அகலம். அவர் கோபப்படவில்லை, "மரம் அழுதிருக்குப்பா" என்றார். காரணம் எளிது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள காற்றில் இருக்கும் மரம், தன் உலர்ந்த எடையில் சுமார் 16 விழுக்காடு தண்ணீரை வைத்துக்கொள்ளும். ஏர்கான் ஓடி ஈரம் 60க்கு இறங்கிய அறையில் அது நாளடைவில் 11 பக்கம் வரப் பார்க்கும். அந்த வித்தியாசத்துக்கு 18 அங்குலத் தேக்குப் பலகை அகலத்தில் மூன்று நாலு மில்லிமீட்டர் சுருங்கலாம். சுருங்க நான் இடம் விடவில்லை, அதனால் அது தனக்குத்தானே இடம் எடுத்துக்கொண்டது. என் செலவில் பலகையைப் பிரித்து, திருகுக்கு வட்டத்துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு, பசை இல்லாமல் திரும்பப் பொருத்தினேன். அது இன்றும் நன்றாக இருக்கிறது.

காரைக்குடியில் செய்து அனுப்பினால் இதற்கு எதிர்ப்புறமாக நடக்கும். கோடையில் காய்ந்த மரம் இங்கே வந்து ஈரம் குடித்து உப்பும், இழுப்பறை சிக்கிக்கொள்ளும். ஆகவே அம்மாவின் ஆசைக்கு நான் சொல்வது இது: பெட்டி முழுவதையும் அங்கே செய்ய வேண்டாம். பழைய வீடுகளிலிருந்து வரும் நல்ல தேக்குப் பலகை கிடைத்தால், மேல்பலகைக்கு மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்ததும் உடனே அறுக்காமல், உங்கள் வரவேற்பறையிலேயே இரண்டு மூன்று மாதம் நடுவில் குச்சி வைத்து அடுக்கி வையுங்கள். வீட்டுக் காற்றுக்கு அது பழகியபிறகு இங்கே ஓர் ஆள் நீள்துளை போட்டுப் பொருத்தட்டும். அம்மா தினமும் தொட்டுப் பார்க்கிற இடம் தேக்காக இருக்கும், உள்ளே பாரம் தாங்குகிற இடம் பிளைவுட்டாக இருக்கும்.

தேக்குக்குப் பணம் இல்லை, ஆனால் நிஜ மரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் ரப்பர் மரத்தைச் சொல்வேன். வெளிர் மஞ்சளாக, சின்னச் சின்னத் துண்டுகளைப் பல்லுப்பல்லாகக் கோத்து ஒட்டிய பலகையாக வரும். இந்த மரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1877இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. நம் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், இயக்குநராக இருந்த ரிட்லி அதை வளர்த்து, மரம் சாகாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் மலாயாத் தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். 25, 30 வருஷத்தில் பால் வற்றியதும் மரத்தை வெட்டி முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். இப்போது அது மேசையாகவும் கட்டிலாகவும் வீட்டுக்குள் வருகிறது. ஒரு குறை, அதில் மாவுச்சத்து அதிகம், உளுவண்டுக்குப் பிடித்தமானது. அறுத்ததுமே போரான் உப்பில் பதப்படுத்தியிருக்க வேண்டும். பதப்படுத்தியது என்றால் பயமில்லை. ஈரமான தரைக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். இன்னொன்று, 'சுவார்' என்ற பெயரில் பெரிய ஒற்றைப் பலகை விற்கிறார்களே, அது நம் தூங்குமூஞ்சி மரம். பார்க்க அழகு. நன்றாகக் காயாத தடித்த பலகை வருஷக்கணக்கில் வளைந்துகொண்டே இருக்கும். கன்சோலுக்கு நான் எடுக்கமாட்டேன்.

உளுவையும் கறையானையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கன்சோலின் அடியில் மைதா மாதிரி மிக மெல்லிய தூள் கொட்டியிருந்து, மேலே குண்டூசித் தலை அளவில் துளை இருந்தால் அது உளுவண்டு. கசகசா மாதிரி மணிமணியாகக் கொட்டியிருந்தால் உலர்மரக் கறையான். மண்ணால் செய்த குழாய் மாதிரி சுவரோரம் ஏறியிருந்தால் நிலத்தடிக் கறையான், அது உங்கள் கன்சோலோடு நிற்காது, உடனே பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். பதினைந்தாவது மாடியில் கறையான் வராது என்று நினைக்காதீர்கள். மழைக்குப் பிறகு விளக்கைத் தேடிவரும் ஈசல்கள் அதன் குடும்பம்தான்.

சூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் டிவி கன்சோலைச் சமையலறை அலமாரியிலிருந்து பிரிக்கிற விஷயமே அதுதான். ஆம்ப்ளிஃபையரும் கேம் பெட்டியும் மணிக்கணக்கில் சூட்டைக் கக்கும். கதவு மூடிய அறைக்குள் அந்தச் சூடு மேலே ஏறி, மேல்பலகையின் அடியில் தங்கும். லேமினேட் ஒட்டும் கான்டாக்ட் பசை சூட்டில் இளகும், ஓரம் தூக்கிக்கொள்ளும். பலகையைவிட அந்தச் சாமான்களுக்கு அது இன்னும் கெடுதல். கேம் பெட்டிக்குச் சுற்றிலும் 10 சென்டிமீட்டர், ஆம்ப்ளிஃபையருக்கு மேலே அதைவிடக் கூடுதலாக விடுங்கள். பின்பலகையில் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு வையுங்கள், குளிர்ந்த காற்று கீழே நுழைந்து சூடானது மேலே போகட்டும். வயருக்கு ஒரு சின்ன வட்டத்துளை போட்டுவிட்டு "ஓட்டை வைத்தாச்சு" என்பார்கள், அது காற்றுக்குப் போதாது. முன்கதவை மரப்பட்டிகளை இடைவெளிவிட்டு அடித்த கதவாகச் செய்தால் காற்றும் போகும், ரிமோட்டின் கதிரும் போகும். முழுப்பலகைக் கதவு ரிமோட்டை மறைத்துவிடும், ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். இப்போது கடைகளில் பட்டி மாதிரி ஒரு பலகை விற்கிறார்கள், பின்னால் அடைப்பு இருக்கும். அது வெறும் அலங்காரம், காற்று போகாது. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

எந்த மரத்தில் வைத்தால் சத்தம் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே என் பேச்சைக் கொஞ்சம் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள், நான் தச்சன், ஒலிப்பொறியாளன் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகளை எம்டிஎஃப்பில் செய்கிறார்கள், காரணம் அது கனமாகவும் சீராகவும் இருப்பது. ஆனால் ஸ்பீக்கரைத் தாங்கும் கன்சோலின் மரம் மாறினால் இசை மாறும் என்று சொல்கிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன், என் காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டதில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: தளர்ந்த கதவும் மெல்லிய பின்பலகையும் அடித்தாளத்துக்குக் கிடுகிடுக்கும். அடித்தாளத்துக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரைக் கன்சோலுக்குள் வைக்காதீர்கள். தரையில் வைத்து அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், கீழ்வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

பசையின் வாடை பற்றியும் ஒரு வார்த்தை, சின்னப் பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருப்பதால். பிளைவுட், எம்டிஎஃப், சிப்போர்டு எல்லாவற்றின் பசையிலும் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு கன்சோலிலிருந்து வருகிற அளவு உங்கள் பிள்ளையை என்ன செய்யும் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. குறைக்கிற வழி மட்டும் தெரியும். 'ஈ-0' என்ற தர அடையாளத்தோடு விளம்பரம் செய்தால் ஃபார்மால்டிஹைடு அறவே இல்லை என்று அர்த்தமில்லை, மிகக் குறைவு என்றுதான் அர்த்தம். அந்தப் பலகையின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். லேமினேட் மூடிய பக்கத்திலிருந்து வாடை குறைவாகத்தான் வரும். மூடாத ஓரம், துளை, பின்பக்கம் இவற்றிலிருந்துதான் அதிகம் வரும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஓரத்துக்கும் எட்ஜ் பேண்டிங், அதாவது ஓரத்தை மூடும் பட்டி, ஒட்டச் சொல்லுங்கள், அது தண்ணீருக்கும் நல்லது. வெப்பமும் ஈரமும் கூடினால் வாடையும் கூடும். குடிபோகுமுன் சில வாரங்கள் எல்லாக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துவைத்து ஜன்னலைத் திறந்து விசிறி போடுங்கள். வாடையை மறைக்கிற மணத்தைத் தெளிக்காதீர்கள்.

தரையில் படாமல் சுவரில் தொங்கும் கன்சோல் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. மாப் போட வசதி, ஈரமும் படாது. ஆனால் 50 கிலோ இசைத்தட்டோடு சேர்த்துத் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், குறிப்பாக உங்கள் சுவர் எதனால் ஆனது என்று நேரில் தட்டிப் பார்க்காமல். புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உள்சுவர்கள் பல வகை. கெட்டியான கான்கிரீட்டும் உண்டு, எடை குறைந்த சுவர்ப்பலகையும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு ஆணி. டிவி மாட்டப்போகிற சுவர், நெருக்கடி நேரத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள் கட்டிய பாதுகாப்பறையின் சுவராக இருந்தால் துளையிடத் தனி விதிமுறைகள் இருக்கின்றன, துளைபோடுமுன் அதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பெட்டியும் தட்டுகளும் தடுப்புகளும் 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளும் வெளியும் லேமினேட். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். தடுப்புகளுக்கு நடுவே இரண்டடிக்கு மேல் விடமாட்டேன், இசைத்தட்டுப் பக்கம் ஓர் அடி. பெயின்ட் அடித்த வழவழப்பான கதவு வேண்டுமென்றால் கதவுக்கு மட்டும் ஈரம் தாங்கும் எம்டிஎஃப். நீளமான கதவுக்குப் பிளைவுட்டைவிட அது நேராக நிற்கும், அந்த எம்டிஎஃப் காரர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. மேல்பலகை அம்மாவின் தேக்கு. அடியில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் திருகி ஏற்றி இறக்கும் கால்கள், ரசமட்டம் வைத்துச் சரிசெய்ய வசதியாக. இதை அப்படியே எழுதி இரண்டு கான்ட்ராக்டர்களிடமும் கொடுத்து விலை கேளுங்கள். இருவரும் அடிக்கணக்கில்தான் விலை சொல்வார்கள். தடுப்பு எத்தனை, கீல் எத்தனை, ஓரம் மூடுவது உண்டா என்பது எழுத்தில் இருந்தால்தான் இரண்டு விலையையும் ஒப்பிட முடியும். துண்டு கிடைத்ததும் வாளியில் போடுமுன் அதன் வெட்டுமுகத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். டிவிச் சுவர் எது என்பதையும் வீட்டு வரைபடத்தில் குறித்துப் போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.